பெங்களூரு நானோ மையம்: துணிக்காரருக்கும் உதவுகிற இடம்

திருப்பூர் பனியன் துணியில் துத்தநாக ஆக்சைடு பூசி, அது நூலில் சீராக ஒட்டுகிறதா என்று ஆராய்கிறேன். பூச்சுத் துகள்கள் மிக நுண்ணியவை. சாதாரண நுண்ணோக்கியால் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே (ஒரு நானோமீட்டர் என்றால் மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) பிரித்துக் காட்ட முடியாது. அதனால் ஈரோட்டில் ரயிலேறி, இந்திய அறிவியல் கழகத்தின் நானோ மையத்துக்குப் போனேன்.

பருத்தியில் மின்சாரம் பாயாது. ஒளிக்குப் பதில் எலக்ட்ரான் கற்றையால் படமெடுக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அப்படியே வைத்தால், மின்னூட்டம் துணியிலேயே தேங்கிப் படம் வெளுத்துவிடும். மேலே மெல்லிய தங்கப் பூச்சு கொடுத்தார்கள், காரணத்தையும் பொறுமையாக விளக்கினார்கள். அப்புறம் திரையில் பார்த்தால், இழை இழையாக அரிசிமாவு தூவியதுபோலத் துகள்கள்! இதற்காகவே போகலாம்.

வெளியாட்கள் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். நானோ மின்னணுவியல் ஆய்வு என்றால், 2008-இல் தொடங்கிய மத்திய அரசின் பயனர் திட்டத்தில் (வெளி ஆய்வாளர்கள் மையத்தின் கருவிகளைப் பயன்படுத்த உதவும் திட்டம்) பயிற்சியே உண்டு. பெருந்துறை, கோபிப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் அவசியம் விண்ணப்பிக்க வேண்டும்.

துணியை நன்றாக உலர்த்திக் கொண்டுபோங்க. கருவிக்குள் வெற்றிடம், ஈரம் ஆகாது.