தாளைத் தானே மாற்றும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்: எட்டு மாதம் ஓட்டிய பிறகு

எங்கள் கணக்குப் பிரிவில் இரண்டு வகைத் தாள் ஓடும். டெலிவரி சீட்டுக்குப் பின்பக்க டிராக்டரில் (ஓரத் துளைகளைப் பற்றித் தாளை இழுக்கும் பகுதி) மூன்று நகல் விழும் கன்டினியூவஸ் பேப்பர், அதாவது மடிப்பு மடிப்பாகத் தொடர்ந்து வரும் தாள்; கடிதங்களுக்கு முன்பக்க ஃபீடரில் ஏ4 தாள். பழைய பிரிண்டரில் ஒவ்வொரு முறையும் எழுந்து போய் லீவரைத் தள்ள வேண்டும். அந்தத் தொல்லை தாங்காமல்தான் தாளைத் தானே தேர்ந்தெடுக்கும் 24 பின் (எழுத்தைப் புள்ளிகளாக அடிக்கும் ஊசிகள்) மாடலைக் கேட்டு வாங்கினேன்.

பேனலில் ஆட்டோ என்று வைத்துவிட்டு முதல் கடிதத்தை அனுப்பினேன். அது டெலிவரி சீட்டில் போய் அச்சானது. மெஷின் கோளாறு என்றே நினைத்தேன். உண்மையில், எந்த வேலைக்கு எந்தத் தாள் என்று கணினிதான் சொல்ல வேண்டும். பிரிண்டர் கேட்டு நடக்கும், அவ்வளவுதான். விண்டோஸில் பிரிண்டர் பிராப்பர்ட்டீஸுக்குள் டிவைஸ் செட்டிங்ஸ் போனால், எந்த டிரேயில் எந்த அளவுத் தாள் இருக்கிறது என்று குறிக்கும் இடம் வரும். முன்பக்கத்துக்கு ஏ4 கொடுத்தேன். எங்கள் சீட்டு 9.5க்கு 11 அங்குலம். அந்த அளவு பட்டியலில் இல்லை. பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸில் புதிய ஃபார்மாக (தாள் அளவாக) உருவாக்கிய பிறகுதான் டிராக்டருக்குக் கொடுக்க முடிந்தது. இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். நான் அவசரத்தில் சீட்டுக்கும் ஏ4 என்றே விட்டிருந்தேன். ஏ4 கிட்டத்தட்ட 11.7 அங்குலம். ஒவ்வொரு சீட்டிலும் நாலு வரி கீழே இறங்கி, ஐந்தாவது சீட்டில் மொத்தத் தொகை அடுத்த வாடிக்கையாளரின் பெயர் மேல் விழுந்தது.

அப்புறம் பேப்பர் சோர்ஸை ஆட்டோமேட்டிக்கலி செலக்ட் என்று மாற்றினேன். கடிதம் சரியாக வந்தது. பில் போடும் பழைய மென்பொருள் மட்டும் அடங்கவில்லை. அது டிரைவரை (விண்டோஸில் பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) தொடாமல் எழுத்துகளை நேராகப் பிரிண்டருக்கே அனுப்புகிறது, அதனால் விண்டோஸில் செய்த எதுவும் அதற்குப் பொருந்தாது. 27, 25 என்ற எண் குறியீடுகளில் தொடங்கும், எந்தத் தாள் என்று பிரிண்டருக்கே சொல்லும் கட்டளையை ஒவ்வொரு பில்லின் தலையிலும் சேர்த்த பிறகுதான் அதுவும் வழிக்கு வந்தது.

இப்போது மாற்றம் அழகாக நடக்கிறது. கடிதம் வந்தால் கன்டினியூவஸ் பேப்பரைத் தானே பின்னுக்கு இழுத்துவிட்டு, ஏ4 எடுத்து அடிக்கிறது. அச்சான சீட்டுகளை அதற்கு முன் கிழித்து எடுத்துவிட வேண்டும். நீளமாகத் தொங்கவிட்டால் பின்னால் போகும்போது நகல் அடுக்குகள் விலகி உள்ளே சிக்கிக்கொள்ளும்.

எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை, தாளின் தடிமனுக்கு ஏற்ப அச்சடிக்கும் ஹெட்டுக்கும் தாளுக்கும் உள்ள இடைவெளியை மாற்றும் தடிமன் லீவர். தாளை மாற்றத் தெரிந்த பிரிண்டருக்கு அந்த இடைவெளியை மாற்றத் தெரியவில்லை. மூன்று நகலுக்கு வைத்த இடத்திலேயே கடிதத்தையும் அடித்தால் எழுத்து மங்கலாக விழுகிறது. அதனால் முக்கியமான கடிதம் என்றால் இன்றும் எழுந்து போய் அந்த லீவரைத் தள்ளுகிறேன். நீங்கள் வாங்குவதாக இருந்தால், இடைவெளியும் தானாக மாறுமா என்று முதலில் கேளுங்கள்.