ரீகண்டிசன் (ஜப்பானில் பாவித்து இங்கே இறக்கிய) காரின் எயார்பேக் வேலை செய்யுமா? ஜப்பான் கார்களின் நீண்டகாலப் பாவனை அனுபவம்

2018 ஜனவரியிலிருந்து இலங்கைக்குள் வரும் கார்களுக்கு மூன்று பாதுகாப்பு விடயங்கள் கட்டாயம்: சாரதிக்கும் முன்னால் இருப்பவருக்கும் எயார்பேக், சில்லு பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக், முன் ஆசனங்கள் இரண்டுக்கும் மூன்று முனை ஆசனப்பட்டி. கூடவே யூரோ 4 அல்லது அதற்கு ஈடான புகைத் தரம். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்யப்பட்ட டொயோட்டா விட்ஸ், அக்வா, ஹொண்டா வெசல், சுசுகி வாகன் ஆர் போன்ற கார்களுக்கு இது ஒரு தடையே இல்லை. அமெரிக்காவில் 25 வருடம், கனடாவில் 15 வருடம் ஆகாத ஜப்பான் காரை அந்த நாட்டுத் தரத்துக்குள் கொண்டுவருவது பெரும்பாடு. நமக்கு அந்தத் தலையிடி இல்லை. ஜப்பானிலும் வீதியின் இடப்பக்கம்தான் ஓடுகிறார்கள். ஸ்டியரிங் வலப்பக்கம், ஹெட்லைட் வெளிச்சமும் இட ஓரத்தை நோக்கியே விழும். எதையும் கழற்றி மாற்றத் தேவையில்லை.

ஆனால் விதி கேட்பது எயார்பேக் இருக்கிறதா என்று மட்டும்தான். அது வேலை செய்யுமா, ஜப்பானில் ஒருமுறை வெடித்துத் தீர்ந்ததா, உற்பத்தியாளரே திருப்பி அழைத்த பழுதான பாகமா என்றெல்லாம் துறைமுகத்தில் யாரும் பார்த்துச் சொல்லப்போவதில்லை. 2020 மார்ச்சில் நின்றுபோன கார் இறக்குமதி 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் மீண்டும் திறந்தது. அந்த இடைவெளியால் 2014 முதல் 2019 வரையான கார்களே கை மாறிக் கை மாறி ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆகவே புதிதாக இறக்குபவருக்கு மட்டுமல்ல, உள்ளூரில் மூன்றாம் நான்காம் உரிமையாளராக வாங்குபவருக்கும் கீழே உள்ளவை பொருந்தும்.

முதலில் பார்க்க வேண்டியது ரீகோல், அதாவது பழுது கண்ட காரை உற்பத்தியாளரே திருப்பி அழைத்துத் திருத்துவது. டகாட்டா எயார்பேக் விவகாரம் பலருக்குப் பழைய செய்தி. நம் காலநிலையில் அது பழசாகவில்லை. அந்த எயார்பேக்கை ஊதும் இன்ஃபிளேட்டரில் அமோனியம் நைத்திரேற்று எரிபொருள். ஈரப்பதனை உறிஞ்சி, பகலில் சூடாகி இரவில் குளிர்ந்து, வருடக்கணக்கில் அது பொடிந்துபோகிறது. பொடிந்த எரிபொருள் அளவுக்கு மீறிய வேகத்தில் எரியும்போது இரும்புக் கூடு சிதறி, துண்டுகள் முகத்திலும் கழுத்திலும் பாயும். வெப்பமும் ஈரமும் கூடிய நாடுகளில்தான் ஆபத்து அதிகம். மலேசியாவில் இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. டகாட்டா நிறுவனம் 2017 யூனில் வங்குரோத்து ஆனது. 2018 மே முதல் ஜப்பானில், ஆபத்து கூடியவை என்று வகுக்கப்பட்ட இன்ஃபிளேட்டர்களை மாற்றாத கார்கள் வாகனப் பரிசோதனையில் சித்தியடைய முடியாது என்று ஆக்கினார்கள். அதற்கு முன்பே கப்பலேறிய கார்களுக்கு அந்த வடிகட்டல் கிடைக்கவில்லை.

ரீகோல் பார்க்கும் முறை எளிது, காசும் இல்லை. ஜப்பான் உள்நாட்டுக் காருக்கு மற்ற நாட்டுக் கார்களில் உள்ள 17 எழுத்து அடையாள இலக்கம் கிடையாது. மாதிரிக் குறியீடு, ஒரு சிறு கோடு, அதன்பின் தொடர் இலக்கம் என்று சாசி இலக்கம் இருக்கும். டொயோட்டா, ஹொண்டா, சுசுகி, டைஹட்சு என்று ஒவ்வொரு நிறுவனத்தின் ஜப்பானியத் தளத்திலும் ரீகோல் தேடும் பக்கம் உண்டு. சாசி இலக்கத்தைப் போட்டால் எந்தெந்த ரீகோல், எது செய்து முடிந்தது, எது பாக்கி என்று காட்டும். பக்கம் ஜப்பானிய மொழியில்தான்; பிரவுசரின் மொழிபெயர்ப்பே போதும். இதே நிறுவனங்களின் ஆங்கிலத் தளங்களில் தேடிவிட்டு “ஒன்றும் வரவில்லை, கார் சுத்தம்” என்று நினைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. அங்கே உள்நாட்டுச் சாசி இலக்கம் ஏறவே ஏறாது.

காரைக் கையால் பார்க்க முடிந்தால் இன்னொரு தடயம் இருக்கிறது. ஜப்பானில் ரீகோல் வேலை முடிந்ததும் சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் இடத்தில், கதவு பூட்டிக்கொள்ளும் கொளுக்கிக்கு அருகே, இலக்கமிட்ட சிறு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஒரே காரில் இரண்டு மூன்று ஸ்டிக்கர் இருந்தால் பயப்பட வேண்டாம், அது நல்ல அடையாளம். ஒரு ஸ்டிக்கரும் இல்லாத 2014 வெசல் ஹைபிரிட் என்றால்தான் யோசிக்க வேண்டும். அந்த வெசலிலும் அதே காலத்து ஃபிட் ஹைபிரிட்டிலும் இருக்கும் ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டி, வெளிவந்து ஒரு வருடத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப ரீகோல் கண்டது. எல்லாக் காரணங்களையும் சேர்த்தால், ஃபிட் ஹைபிரிட்டுக்கு 2014 ஒக்டோபரில் வந்தது ஐந்தாவது ரீகோல். கொழும்பு நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போதும் கடுகண்ணாவ ஏற்றத்திலும் இந்தப் பெட்டி சூடேறி எச்சரிக்கை தரும். முன்னால் உள்ள வாகனம் ஒரு கார் நீளம் விலகும்வரை பிரேக்கில் நிறுத்திவைத்துவிட்டு ஒரேயடியாக நகர்ந்தால் கிளட்ச் தேய்வது குறையும்.

பாக்கி உள்ள ரீகோலை, ஜப்பான் கார் ஏலத்தில் விலை கேட்பதற்கு முன்பே கண்டுபிடியுங்கள். ஜப்பானில் அது இலவச வேலை, அனுப்புபவர் ஏதாவதொரு முகவரிடம் கொண்டுபோய் முடித்துவிடலாம். கப்பலேறிய பிறகு பாகமும் கூலியும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான்.

இனி ஏலத் தாள், அதாவது ஜப்பான் ஏல நிலையம் காரைப் பரிசோதித்து எழுதிய தாள். 4.5, 4 என்ற புள்ளியை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்களே அதிகம். அந்தத் தாளின் கார்ப் படத்தில் உள்ள குறிகள்தான் முக்கியம். ஏ கீறல், யூ நெளிவு, டபிள்யூ திருத்திப் பூசிய இடம், இரட்டை எக்ஸ் என்றால் மாற்றப்பட்ட தகடு. புள்ளிக்குப் பதில் ஆர் அல்லது ஆர்ஏ என்று இருந்தால் உடற்சட்டத்தில் திருத்தம் நடந்திருக்கிறது. விற்பவர் காட்டும் பிரதியை நம்ப வேண்டாம். புள்ளியும் கிலோமீற்றரும் திருத்திய தாள்கள் சந்தையில் தாராளம். சாசி இலக்கத்தைக் கொடுத்து மூலப் பதிவை வேறொருவர் மூலம் எடுப்பதற்குச் சிறு தொகைதான் போகும்.

கிலோமீற்றர் விடயத்தில் ஒரு நுணுக்கம். ஜப்பானின் ஏற்றுமதிச் சான்றிதழில் கடைசிப் பரிசோதனையின்போது இருந்த கிலோமீற்றர் பதிவாகியிருக்கும். ஆனால் அங்கே புதுக் காருக்கு முதல் பரிசோதனை மூன்று வருடத்தில்தான். மூன்று வருடம் நிரம்பாமல் வந்த காரின் சான்றிதழில் அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். அப்படிப்பட்ட காரின் ஓட்டத்துக்கு ஏலத் தாளைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்தச் சான்றிதழில் இருப்பது முதற்பதிவு மாதம், உற்பத்தி மாதம் அல்ல என்பதையும் எல்சி (வங்கி நாணயக் கடிதம்) திறக்கும் முன் கிளியரிங் ஏஜென்டுடன் பேசிக்கொள்ளுங்கள். இறக்குமதி வயதெல்லையை ஒட்டி நிற்கும் காரில் ஒரு மாதமும் பெரிய வித்தியாசம்.

கார் கைக்கு வந்ததும் செய்ய வேண்டியவை. சுவிட்சைப் போட்டதும் எயார்பேக் விளக்கு ஏறத்தாழ ஆறு விநாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைக் கழற்றியிருக்கிறார்கள். ஒயில் விளக்கோ பற்றரி விளக்கோ அணையும் அதே கணத்தில் இதுவும் அணைந்தால் வயரைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வேலை, வெடித்த எயார்பேக்கின் இடத்தில் இரண்டு ஓம் அளவு ரெசிஸ்டரைச் செருகிவிடுவது. கொம்பியூட்டர் ஏமாந்துபோகும், விளக்கும் ஒழுங்காக அணையும், சாதாரண ஸ்கானரும் பழுது இல்லை என்று சொல்லும். ஆகவே கண்ணால் பாருங்கள். ஸ்டியரிங் நடுமூடியின் ஓர இடைவெளி சுற்றிவரச் சமமா, பயணி பக்க டாஷ்போர்டில் ஒட்டிய தடமோ நிறவேறுபாடோ உண்டா என்று கவனியுங்கள்.

இதற்கு இன்னொரு நல்ல சாட்சி ஆசனப்பட்டி. பட்டியை முழுவதுமாக வெளியே இழுத்தால் அடியில் ஒரு துணி லேபிளில் பட்டியின் உற்பத்தித் திகதி இருக்கும். 2017இல் செய்த காரில் 2019 பட்டி என்றால், இடையில் ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது. நான்கு பட்டியிலும் திகதி நெருங்கி இருக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும், விட்டால் தானாகச் சுருண்டு உள்ளே போக வேண்டும். கொழும்பின் பழைய உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில், கழற்றிய எயார்பேக் மலிவாகக் கிடைக்கும். வாங்கவே வேண்டாம், அது எந்தக் காரில், எந்த வெள்ளத்தில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது.

ரயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019இன் 23ஆவது கிழமை. சில கார்கள் பனிக்கால ரயரோடேயே வந்துவிடும். பூ ஆழமாக, பார்க்கப் புதுசு போலத் தெரியும். ஆனால் அந்த ரப்பர் குளிருக்கானது. நம் வெயிலில் மிருதுவாகிச் சீக்கிரம் தேயும், மழையில் பிரேக் தூரம் நீளும். பூவில் நெருக்கமாக மெல்லிய நெளிவெட்டுகள் இருந்தால் அது பனி ரயர்தான், உடனே மாற்றுங்கள். மேலதிகச் சில்லுக்குப் பதிலாக வரும் ஒட்டுமருந்துப் போத்தலுக்குக் காலாவதித் திகதி உண்டு. ரீகண்டிசன் காரில் அது பெரும்பாலும் கடந்தே இருக்கும்.

“சேஃப்டி எடிசன்” விட்ஸுக்கு இங்கே கூடுதல் விலை. அந்த விலைக்கு என்ன கிடைக்கிறது? கமராவும் லேசரும் சேர்ந்த முதல் தலைமுறை அமைப்பு மணிக்கு ஏறத்தாழ 10 முதல் 80 கிலோமீற்றர் வேகத்துக்குள் தானாகப் பிரேக் பிடிக்கும். அது முன்னால் போகும் வாகனத்துக்காக வடிவமைக்கப்பட்டது. குறுக்கே ஓடும் பிள்ளையையோ மாட்டையோ பார்க்கும் என்று எண்ணக் கூடாது. கோடு தாண்டும் எச்சரிக்கை 50 கிலோமீற்றருக்கு மேல்தான் விழிக்கும். ஏ9 வீதியில் கோடு தெளிவான இடங்களில் நித்திரைத் தூக்கத்துக்கு இது உண்மையிலேயே உதவி. ஊருக்குள் ஓட்டோக்களுக்கு விலகும்போதெல்லாம் கத்துகிறது என்று பலர் நிரந்தரமாக அணைத்துவிடுகிறார்கள், அது நட்டம். முன்கண்ணாடி மாற்றினால் கமராவைத் திரும்ப அளவு திருத்த வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் தவறான இடத்தில் பிடிக்கும், அல்லது பிடிக்காது.

முதல் தலைமுறை அக்வாவில் நீண்டகாலச் செலவைத் தீர்மானிப்பது பின்னாசனத்தின் கீழ் இருக்கும் 144 வோல்ற் பற்றரி. அதைக் குளிர்விக்கும் விசிறி காருக்குள்ளிருந்தே காற்றை இழுக்கிறது. பின்னாசனப் பக்கத்து ஓட்டையை உடுப்பு, பை, தலையணை மறைத்தால் பற்றரி வேகும். 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை வடிகட்டியையும் விசிறி இறகுகளையும் துப்புரவாக்கினால் ஆயுள் கூடும். ஜப்பானிய அளவுமுறை சொன்ன லீற்றருக்கு 37 கிலோமீற்றரை மறந்துவிடுங்கள். ஏ9இல் 24, கொழும்பில் 19 வந்தால் கார் ஆரோக்கியம். சிறிய 12 வோல்ற் பற்றரியும் காருக்குள்ளேயே இருப்பதால் வாயுக்குழாய் உள்ள வகையைத்தான் போட வேண்டும். வாகன் ஆரில் சிக்கனம் பார்த்து வேறு கியர் ஒயில் ஊற்றாதீர்கள். அதற்கென்றே உள்ள சுசுகி கிரீன் 2 ஒயிலை 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

வருடாந்தப் புகைப் பரிசோதனையில் அக்வாவின் எஞ்சின் தானாக நின்றுபோய் ஆட்களை மினக்கெடுத்தும். அதற்குப் பராமரிப்பு நிலை இருக்கிறது. கியர் பார்க்கில், பிரேக் மிதிக்காமல் பவர் பொத்தானை இரு முறை அழுத்துங்கள். அக்சிலேட்டரை இரு முறை முழுதாக மிதியுங்கள். நியூட்ரலுக்கு மாற்றி மீண்டும் இரு முறை, பார்க்குக்கு வந்து மீண்டும் இரு முறை. பிறகு பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் நிற்காமல் ஓடும். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். பரிசோதனை முடிந்ததும் பவரை அணைத்துப் போட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

வானொலி 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்குவதும் திரை ஜப்பானிய மொழி பேசுவதும் எல்லோரும் அறிந்ததே. ஓர் அன்ட்ரொயிட் செட் போட்டால் தீர்ந்தது.

இப்போது டைஹட்சு தயாரித்து டொயோட்டா பெயரில் விற்கப்படும் ரைஸ் காரை வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. 2023 மே மாதம் ரைஸும் அதன் டைஹட்சு இரட்டையான ரொக்கியும் ஆகிய ஹைபிரிட்களின் பக்கவாட்டுக் கம்ப மோதல் சோதனையில் முறைகேடு நடந்ததாக டைஹட்சு ஒப்புக்கொண்டது. அதே வருட டிசம்பரில் அது 64 மாதிரிகளுக்கு விரிந்து, எல்லா விநியோகமும் நின்றது. ரைஸ் ஹைபிரிட் 2024இல் திரும்ப உற்பத்திக்கு வந்தது. ஏலத்தில் இரண்டு காலத்துக் கார்களும் கலந்தே வரும். விலை ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் பிந்தியதை எடுங்கள்; முந்தியது கணிசமாக மலிந்தால், சாசி இலக்கத்தை ஜப்பானியத் தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.