ஒற்றை பேட்டரியா, இரட்டையா, மெக்கானிகலா? அதிக வாட் வேப்பிங்குக்கு எதை நம்பலாம்

ஒரு வேப் (இ-சிகரெட்) சாதனத்தின் பெட்டியில் 100 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. உள்ளே போடுவதோ ஒரே ஒரு 18650 பேட்டரி, அதாவது 18 மில்லிமீட்டர் அகலமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள உருளை லித்தியம் செல். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலே அந்தச் சாதனத்தை எவ்வளவு நம்பலாம் என்பது பாதி தெரிந்துவிடும். ஆனால் வாங்குகிறவரும் சரி, விற்கிறவரும் சரி, பெரும்பாலும் வாட் எண்ணை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

பிரிட்டனில் மூலைக்கடையும் ஆஃப் லைசென்ஸும் (மது விற்கும் கடை) நடத்துகிறவர்களில் ஈழத் தமிழர்கள் நிறையப் பேர். கல்லாவுக்குப் பின்னால் வேப் சாமான்கள் அடுக்கியிருக்கும். வாடிக்கையாளர் வந்து "இது நல்லதா?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நம்மவர். அவர்களையும், அங்கே சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறியவர்களையும் மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இந்தியாவில் 2019 முதல் இ-சிகரெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் இருப்பு வைப்பதும் குற்றம். சிங்கப்பூரில் கையில் வைத்திருந்தாலே குற்றம். அங்கிருப்பவர்கள் இதை வாங்கும் வழிகாட்டியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புகைபிடிக்கும் பழக்கமே இல்லாதவருக்கு இதில் எதுவும் தேவையில்லை.

அதிக வாட் என்று நான் சொல்வது 60 வாட்டுக்கு மேல். அரை ஓமுக்கும் கீழே மின்தடை உள்ள காயிலில் (coil, திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள்) ஓட்டி, ஆவியை நேராக நெஞ்சுக்குள் இழுக்கும் வகை. 20 வாட்டில் ஓடும், திரவக் குப்பியைச் செருகும் சிறிய பாட் (pod) சாதனங்களில் பேட்டரிக்குப் பெரிய சிரமம் இல்லை, அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

முதலில் மெக்கானிகல் மாட். மாட் (mod) என்பது பேட்டரியும் பட்டனும் உள்ள அடிப்பகுதி; திரவமும் காயிலும் உள்ள டேங்கை அதன் மேல் திருகுவார்கள். மெக்கானிகல் மாடைப் பயன்படுத்துகிறவர்கள் சுருக்கமாக மெக் என்பார்கள். ஓர் உலோகக் குழாய், ஒரு பட்டன், ஒரு பேட்டரி, அவ்வளவுதான். நடுவில் சர்க்யூட் எதுவும் இல்லை. பட்டனை அழுத்தினால் பேட்டரியும் காயிலும் நேரடியாகச் சேர்ந்துகொள்கின்றன. எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பதைக் காயில்தான் தீர்மானிக்கிறது. முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி 4.2 வோல்ட். காயில் 0.2 ஓம் என்றால் 21 ஆம்ப், சுமார் 88 வாட். 0.15 ஓம் என்றால் 28 ஆம்ப். 0.1 ஓம் என்றால் 42 ஆம்ப். சாம்சங் 25ஆர் என்ற நல்ல பெயர் எடுத்த 18650 செல்லின் தொடர் மின்னோட்டத் தரமே 20 ஆம்ப்தான். 0.2 ஓமிலேயே அந்த எல்லையைத் தாண்டியாகிவிட்டது. கம்பியைக் கையால் சுற்றும்போது ஒரு சுற்று குறைந்தாலோ, கம்பியின் முனை சரியாக வெட்டப்படாமல், காயிலைப் பொருத்தும் மேடையில் எங்காவது தொட்டாலோ கணக்கு தலைகீழாகிவிடும். தடுக்க அங்கே யாரும் இல்லை.

மெக்கில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஹைப்ரிட் என்று சொல்லும் மேல்மூடியில், டேங்கின் நடுப்பின் நேரடியாகப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைத் தொட வேண்டும். அந்தப் பின் சுற்றியுள்ள திருகுப் பகுதியைவிட நன்றாக வெளியே நீண்டிருந்தால் பிரச்சினை இல்லை. பல டேங்குகளில் அது மட்டமாகவே இருக்கும். அப்போது நெகட்டிவ் பக்கமான திருகும் பேட்டரி முனையில் போய் உட்கார்ந்துவிடும். அது முழுமையான ஷார்ட். மூடிய உலோகக் குழாய்க்குள் ஒரு லித்தியம் செல் சூடேறி வாயுவைக் கக்கினால், வாயு வெளியேறப் போதிய துளை இல்லாவிட்டால், அந்தக் குழாயின் இரு முனைகளில் ஒன்று பிய்த்துக்கொண்டு போகும். ஒரு முனை எப்போதும் முகத்தைப் பார்த்தே இருக்கிறது. 2018 மே மாதம் ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒருவர் வேப் வெடித்து இறந்தார். அவர் பயன்படுத்தியதும் சர்க்யூட் இல்லாத இந்த வகைதான்.

இரண்டு பேட்டரிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் மெக்குகளும் உண்டு. 8.4 வோல்ட், அதே 0.2 ஓம் காயில்: 42 ஆம்ப், 350 வாட்டுக்கு மேல். அந்த 42 ஆம்பும் இரண்டு செல்கள் வழியாகவும் முழுதாகவே பாய்கிறது, பாதிப்பாதியாகப் பிரிவதில்லை. இரண்டு பேட்டரி போட்டதால் சுமை குறைந்தது என்று நினைத்து இதை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது பெரிய தவறு. மின்சாரம் தெரிந்தவர்கள் மெக்கைக் கவனமாகக் கையாளலாம் என்ற வாதம் எனக்குத் தெரியும். கையாள்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் கேட்டு வருகிற ஒருவருக்கு மெக்கைப் பரிந்துரைக்க என்னால் முடியாது. மலிவான சர்க்யூட் மாடுகள் இத்தனை கிடைக்கும் காலத்தில் அதற்குத் தேவையும் இல்லை.

அடுத்தது ரெகுலேட்டட் மாட், அதாவது உள்ளே சர்க்யூட் பலகை இருப்பது. நீங்கள் கேட்கும் வாட்டை அது பேட்டரியிலிருந்து எடுத்து, தேவையான வோல்ட்டுக்கு மாற்றிக் காயிலுக்குக் கொடுக்கிறது. ஷார்ட் இருந்தால் ஓட மறுக்கும். பேட்டரி வடிந்தால் நிறுத்தும். பலகை சூடானால் நிறுத்தும். பட்டன் பையில் அழுந்தியே கிடந்தாலும் பெரும்பாலும் 8 முதல் 10 விநாடியில் தானாக அணைந்துவிடும். பேட்டரியைத் தலைகீழாகப் போட்டாலும் பலவற்றில் ஒன்றும் ஆகாது.

இங்கே ஓமின் விதியை (வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்ப்) நேராகப் போட்டுப் பார்த்துக் குழம்பிப் போகிறவர்கள் அதிகம். ரெகுலேட்டட் மாடில் பேட்டரிமீது விழும் சுமைக்கும் காயிலின் ஓமுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. கேட்கும் வாட்டைப் பேட்டரியின் வோல்ட்டால் வகுக்க வேண்டும், பலகையில் வீணாகும் பங்குக்காக இன்னும் ஒரு பத்து விழுக்காட்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது மட்டுமல்ல, பேட்டரி வடிய வடிய வோல்ட் இறங்கும், அதே வாட்டைக் கொடுக்க மின்னோட்டம் ஏறும். பேட்டரிக்கு மிகக் கடினமான நேரம் அது காலியாகும் தறுவாய்தான். எனவே 3.2 வோல்ட்டை வைத்துக் கணக்குப் போடுவதே நியாயம்.

அந்தக் கணக்கில் ஒரு செல்லில் 60 வாட் என்றால் சுமார் 21 ஆம்ப். 80 வாட் என்றால் 28. 100 வாட் என்றால் கிட்டத்தட்ட 35 ஆம்ப். இப்போது முதல் பத்தியில் சொன்ன பெட்டிக்கு வருவோம். கீக்வேப் ஏஜிஸ் சோலோ போன்ற ஒற்றை 18650 மாடுகள் 100 வாட் என்றுதான் விற்பனைக்கு வந்தன. உடம்பு உறுதியானது, தண்ணீருக்கும் அசையாது, அதில் குறையில்லை. ஆனால் 35 ஆம்பைத் தொடர்ந்து சூடேறாமல் கொடுக்கும் 18650 செல்லைச் சந்தையில் காண்பது அரிது. நல்லதிலும் நல்லது என்று எடுத்தாலும் சோனி விடிசி5ஏ, மோலிசெல் பி26ஏ போன்றவை 25 ஆம்ப் வரையில்தான் நிம்மதியாகத் தாங்கும். அதனால் ஒற்றை 18650 மாடு என் பார்வையில் 60 வாட் சாதனம், அதிகம் போனால் 70. பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

அதே ஒற்றையில் 21700 செல் போடும் மாடுகள் இன்னும் மேல். பெயரே அளவைச் சொல்கிறது: 21 மில்லிமீட்டர் அகலம், 70 மில்லிமீட்டர் நீளம். மோலிசெல் பி42ஏ 4200 எம்ஏஎச் கொள்ளளவோடு 30 ஆம்ப் வரை தாராளமாகக் கொடுக்கும். 80 வாட் வரை கவலையில்லாமல் ஓட்டலாம், நாள் முழுக்கச் சார்ஜும் நிற்கும். உதிரியாக ஒரு பேட்டரியும் போதும். 80 வாட்டுக்குள் இருக்கிறவர் என்றால் என் முதல் தேர்வு இதுதான், இரட்டை பேட்டரி மாடு கூட அடுத்ததுதான்.

80-க்கு மேல் என்றால் இரட்டை. ஏஜிஸ் லெஜண்ட், வேப்பரெஸ்ஸோ ஜென் இரண்டுமே இரண்டு 18650 செல்கள் போடுபவை, இரண்டுமே 200 வாட்டைத் தொடுவதாகச் சொல்பவை. 100 வாட்டில் ஓட்டினால் ஒவ்வொரு செல்லும் 17 ஆம்ப் கொடுத்தால் போதும். 120 வாட்டில் 21. இங்கே 25 ஆம்ப் செல்களைப் போட்டால் நன்றாகவே இடைவெளி இருக்கிறது. 200 வாட்டில் ஓட்டினால் மறுபடியும் ஒவ்வொன்றுக்கும் 35 ஆம்ப். ஒற்றை மாடில் 100 வாட் எந்தத் தவறோ, இரட்டையில் 200 வாட்டும் அதே தவறுதான்.

2015-இல் விஸ்மெக் ரூலோ ஆர்எக்ஸ்200 வந்தபோது அதே 200 வாட்டுக்கு மூன்று 18650 செல்கள் வைத்தார்கள். ஒரு செல்லுக்கு 67 வாட், 23 ஆம்ப். கை கனக்கும் பெட்டிதான், ஆனால் கணக்கு நேர்மையானது. பிறகு சாதனங்கள் சிறுத்தன, செல் ஒன்று குறைந்தது, வாட் எண் மட்டும் குறையவில்லை. செல்களின் திறன் இடையில் அந்த அளவுக்கு ஏறிவிடவில்லை என்பதுதான் வருத்தம். வாட் என்பது விளம்பர எண்ணாகிப் போனது அப்படித்தான். உண்மையில் 120 வாட்டுக்கு மேல் ஓட்டுகிறவருக்கு மூன்று செல் மாடு ஒன்றைத் தேடிப் பிடிக்கச் சொல்வேன்.

உள்ளேயே பேட்டரி பொருத்திய மாடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தனி செல்லைத் தொடவே வேண்டாம், தவறாகப் போட வழியில்லை, புதிதாக வருகிறவருக்கு அது பெரிய நன்மை. 50 வாட்டுக்குள் என்றால் நல்ல தேர்வு. அதிக வாட்டில் பேட்டரி சீக்கிரம் தளரும், உள்ளே உப்பியிருக்கிறதா என்று பார்க்கவும் முடியாது, தளர்ந்தால் முழுச் சாதனத்தையும் கழிக்க வேண்டும்.

சாதனத்தைவிடப் பேட்டரியில் ஏமாறுவது எளிது. 18650 அளவில் 3600 எம்ஏஎச்சுக்கு மேல் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் பொய்தான், சந்தேகப்படுங்கள். 9900 என்றெல்லாம் விற்கிறார்கள். கொள்ளளவும் மின்னோட்டமும் ஒன்றை ஒன்று இழுக்கும். சாம்சங் 30க்யூ 3000 எம்ஏஎச், ஆனால் 15 ஆம்ப். 25ஆர் 2500 எம்ஏஎச், ஆனால் 20 ஆம்ப். அதிக வாட்டுக்குக் கொள்ளளவு குறைந்த செல்லே பொருத்தம் என்பதைக் கேட்டால் பலர் நம்புவதில்லை. தயாரிப்பாளரின் எண்ணிலும் நுணுக்கம் உண்டு: சோனி விடிசி6-க்கு 30 ஆம்ப் என்பது 80 டிகிரி செல்சியஸில் நிறுத்தும் வெப்பக் கட்டுப்பாடு இருந்தால் மட்டும். இல்லாவிட்டால் 15. வேப் மாடில் செல்லின் வெப்பத்தை அளக்கும் ஏற்பாடு பொதுவாக இருப்பதில்லை. ஆகவே சிறிய எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும். 'பேட்டரி மூச்' என்ற பெயரில் அமெரிக்காவிலிருந்து செல்களைத் தனித்தனியாகச் சோதித்து வெளியிடுபவரின் அட்டவணைகளைத்தான் நான் இதற்கு நம்புகிறேன். அவர் எண்கள் பெரும்பாலும் உறையில் இருப்பதைவிடக் குறைவு, அதுதான் அவற்றின் பெருமை.

எல்ஜியும் சாம்சங் எஸ்டிஐயும் தங்கள் தனி 18650 செல்களை வேப்பில் தனிநபர் பயன்படுத்தக் கூடாது என்றே சொல்கின்றன. 2021-இல் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமும் தனி செல்களை வாங்கிப் பயன்படுத்துவது ஆபத்து என்று எச்சரித்தது. இவை லேப்டாப், மின்கருவிகளின் பேட்டரிக் கட்டுக்குள், கட்டுப்பாட்டுப் பலகையோடு இருக்க வேண்டியவை. கழற்றிப் போடும் மாடை வாங்குகிறவர் அந்தப் பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறார். கடைக்காரர் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை நடந்த 195 வேப் தீ, வெடிப்புச் சம்பவங்களைத் தொகுத்தது. அவற்றில் 133-இல் காயம் ஏற்பட்டது, 38 பேருக்குக் கடுமையான காயம். 61 சம்பவங்கள் சாதனமோ உதிரி பேட்டரியோ சட்டை, கால்சட்டைப் பைக்குள் இருந்தபோது நடந்தவை. 60 பயன்படுத்தும்போது, 48 சார்ஜ் போடும்போது. வாயில் வைத்து இழுக்கும் நேரத்துக்குச் சமமாகப் பையும் ஆபத்தான இடம். தனி செல்லோடு சாவியும் சில்லறையும் சேர்ந்தாலும் அப்படி நடக்கலாம். 18650 செல்லின் பக்கம் முழுவதும் நெகட்டிவ், மேல் விளிம்பு வரைக்கும். பாசிட்டிவ் முனைக்கும் அந்த விளிம்புக்கும் நடுவே இருப்பது ஒரு வெள்ளைக் காகித வளையமும் மெல்லிய பிளாஸ்டிக் உறையும்தான். உறை கிழிந்த செல்லை மாடில் போட்டால் எந்தச் சர்க்யூட்டும் காப்பாற்றாது, ஏனென்றால் ஷார்ட் நடப்பது சர்க்யூட்டுக்கு முன்னாலேயே. புது உறை சில பைசா பொருள், ஹேர் டிரையர் சூட்டில் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். செல்லில் பள்ளம் விழுந்திருந்தால் மட்டும் உறையை மாற்றியும் பயனில்லை, அதைக் கழித்துவிட வேண்டியதுதான். பிரிட்டனில் வேப் விற்கும் கடைகள் பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், குப்பைத்தொட்டியில் போடாதீர்கள்.

ஆக, 50 வாட்டுக்குள் உட்பேட்டரி, 80 வரை ஒற்றை 21700, 120 வரை இரட்டை 18650, அதற்கு மேல் மூன்று. எல்லாமே சர்க்யூட் உள்ளவை. இரட்டை வாங்குகிறவர் இரண்டு செல்களையும் ஒரே நாளில், ஒரே வகையில் வாங்கி, எப்போதும் சேர்த்தே சார்ஜ் செய்து, சேர்த்தே கழிக்க வேண்டும். ஒன்று தளர்ந்து மற்றது திடமாக இருந்தால் தளர்ந்தது எல்லைக்குக் கீழே இழுக்கப்படும். ஸ்கெட்ச் பேனாவால் ஏ, பி என்று எழுதி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். சார்ஜுக்கு எக்ஸ்டார், நைட்கோர் போன்ற தனிச் சார்ஜர் போதும், ஒரு செல்லுக்கு 1 ஆம்ப் வேகத்தில், கண்பார்வையில் வைத்து. கடைக்காரர் தனி செல் விற்கும்போது பிளாஸ்டிக் பெட்டி ஒன்றையும் காசு கேட்காமல் சேர்த்துக் கொடுத்துவிடலாம். பெட்டி வேண்டாம், பையில் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்கிறவருக்கு அந்த செல்லையே விற்காமல் இருப்பது நல்லது.