பழைய மர ரோலர் கோஸ்டர் பிழைத்துவிட்டது, கீழே காத்திருப்பவர்களுக்குத்தான் இடமில்லை

முதல் இறக்கத்தின் அடியை நெருங்கும்போது பல்லைக் கடித்து, முதுகை இருக்கையோடு ஒட்டிக்கொண்டு காத்திருந்தேன். வழக்கமாக அங்கே விழும் அடி விழவே இல்லை. ரயில் வழுக்கிக்கொண்டு இறங்கி, அதே வேகத்தில் அடுத்த மேட்டில் ஏறி, என்னை இருக்கையிலிருந்து ஒரு சாண் தூக்கிவிட்டு மறுபடி உட்காரவைத்தது. பக்கத்தில் இருந்த தம்பி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, அவனும் அந்த அடிக்காகத்தான் காத்திருந்திருக்கிறான்.

புதுப்பிப்பதற்காக மூடுவதற்கு முன் கடைசியாக இதில் ஏறிய நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. இறங்கியதும் தம்பி கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "இனிமே இதுக்கு என்னைக் கூப்பிடாதண்ணா" என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. மரத் தடம் என்பது ஒரே கட்டை இல்லை. பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏழெட்டு அடுக்கு அடுக்கி முடுக்கி, மேலே ஒரு எஃகுப் பட்டையைப் பதித்திருப்பார்கள், சக்கரம் ஓடுவது அந்தப் பட்டை மேல்தான். இறக்கத்தின் அடியில்தான் ரயில் தடத்தை மிக அதிகமாக அமுக்கும். வருடக்கணக்கில் அமுக்கினால் அங்கே மரம் நசுங்கும், போல்ட் தளரும், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாக அகலும். அகன்ற இடைவெளியில் ரயில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இடித்துக்கொண்டு ஓடும், இடிக்க இடிக்க இன்னும் அகலும். கழுத்துவலி வந்த கதை இதுதான்.

இந்த முறை அப்படிப்பட்ட இடங்களில் ஒட்டுப்போடாமல், அடுக்குகளை முழுக்க உரித்துவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். முன்பெல்லாம் நேரான பலகையைத் தச்சர்கள் இடத்திலேயே வளைத்து அடிப்பார்கள், அது பெரிய திறமை, ஆனால் வளைத்து அடித்த பலகை என்றைக்கும் நிமிரத்தான் பார்க்கும். இப்போது வளைவுக்கு ஏற்றபடி தொழிற்சாலையிலேயே கணினியால் அளந்து அறுத்துக் கொண்டுவந்து பொருத்தும் முறை வந்திருக்கிறது. வளைவாகவே அறுபட்ட பலகைக்கு நிமிர வேண்டிய தேவை கிடையாது. வரிசையில் நிற்கும்போது ஓர் இடத்தில் சட்டகம் கைக்கெட்டும் தூரத்தில் வருகிறது, அங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். வெயிலிலும் மழையிலும் சாம்பல் நிறமாகிப்போன பழைய தூணோடு வெளிர் மஞ்சளான புதுச் சட்டத்தைச் சேர்த்திருக்கிறார்கள், போல்டுக்கு அடியில் வாஷர் மரத்தை லேசாக அமுக்கியிருக்கிறது, அதன் ஓரத்தில் ஒரு சொட்டுப் பிசின் கசிந்து நிற்கிறது. பழையதை மறைக்க வண்ணம் பூசவில்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

உண்மையைச் சொன்னால், புதுப்பிக்கப்போகிறோம் என்று அறிவித்தபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அந்தச் சொல்லுக்குள் எது வேண்டுமானாலும் அடங்கும். அமெரிக்காவில் 1990-ல் திறந்த டெக்சாஸ் ஜயன்ட் என்ற மர ரோலர் கோஸ்டரை மூடிவிட்டு, 2011-ல் மரச் சட்டகத்தின் மேல் எஃகுத் தடத்தைப் போட்டுத் திறந்தார்கள். அருமையான சவாரி, சந்தேகமே இல்லை, ஆனால் அது வேறொரு ரோலர் கோஸ்டர். மறுபக்கம், ஓஹியோவில் 1979-ல் திறந்த தி பீஸ்ட்டை 2022 சீசனுக்காகப் பழுதுபார்த்தபோது இரண்டாயிரம் அடிக்கு மேல் தடத்தை மரத்திலேயே மாற்றி, முதல் இறக்கத்தை 45 டிகிரியிலிருந்து 53 டிகிரியாகச் செங்குத்தாக்கினார்கள், இருந்தாலும் அது பீஸ்ட்டாகவே இருக்கிறது. பென்சில்வேனியாவில் 1902-ல் கட்டிய லீப் தி டிப்ஸ் 1985-ல் மூடி, 1999-ல்தான் திரும்பத் திறந்தது, அதையும் பழைய முறையிலேயே மீட்டார்கள். நியூயார்க்கில் கோனி ஐலண்டின் சைக்ளோன் 1927-லேயே எஃகுச் சட்டகத்தின் மேல் மரத் தடத்தோடு கட்டப்பட்டது, அதை யாரும் மர ரோலர் கோஸ்டர் இல்லை என்று சொல்வதில்லை. எது மரம் எது எஃகு என்ற கணக்கை விட, ஏறி உட்கார்ந்தால் மரம் போல ஓடுகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். இது ஓடுகிறது. வளைவில் சட்டகம் முழுவதும் லேசாக அசைவது உடம்பில் தெரிகிறது, அது இருந்தே ஆக வேண்டும், மரச் சட்டகம் அசைந்து கொடுத்துத்தான் பாரத்தைத் தாங்கும். போனது இடியும் குலுக்கலும் மட்டும்.

சத்தத்தையும் விட்டுவைத்திருக்கிறார்கள், அதற்காக அவர்களைக் கும்பிடலாம். ஏற்றத்தில் வரும் அந்த டக் டக் டக், ரயில் பின்னால் நழுவிவிடாமல் இருக்க அடியில் உள்ள கொக்கி ஒவ்வொரு பல்லாக விழும் சத்தம். அதைச் சத்தமில்லாமல் செய்யவும் வழி இருக்கிறது, செய்யவில்லை. பிரேக் மட்டும் காந்தத்துக்கு மாறியிருக்கிறது, ஈரமான நாளில் உராய்வை நம்ப வேண்டியதில்லை என்பதால் அது சரியான முடிவு. நடுவழியில் வேகத்தைக் குறைக்கும் பிரேக் முன்பு ஆளை முன்னால் தள்ளும் அளவுக்குப் பிடிக்கும், பாதி ஓட்டம் அங்கேயே செத்துவிடும். இப்போது தடம் தாங்குகிறது என்ற தைரியத்தில் அதை லேசாகத்தான் தொடவைக்கிறார்கள், பின்பாதியில் இருக்கும் சின்னச் சின்ன மேடுகளெல்லாம் ஒவ்வொன்றாக உயிரோடு வருகின்றன.

சரி, இனி ரோலர் கோஸ்டருக்குக் கீழே புதிதாக அமைத்திருக்கும் திடல்.

எங்கள் வீட்டில் அம்மா ஏறமாட்டார். மூட்டுவலி வருவதற்கு முன்பும் ஏறியதில்லை, கீழே உட்கார்ந்து எங்கள் பைகளையும் கண்ணாடிகளையும் பார்த்துக்கொண்டு, ரயில் கடைசி வளைவில் தலைக்கு மேலே போகும்போது கை காட்டுவார். அதற்கென்றே அமைத்ததுபோல அந்த வளைவின் அடியில் ஒரு பெரிய மரமும், அதைச் சுற்றி முதுகு சாய்க்கிற பெஞ்சும் இருந்தன. இப்போது மரமும் இல்லை, பெஞ்சும் இல்லை. கல் பாவியிருக்கிறார்கள், நடுவில் நீரூற்று, பெயர் எழுதிய விளக்கு வளைவு, படம் எடுத்துக்கொள்ள ஒரு மேடை. இரவில் பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. பகலில் கல் கொதிக்கிறது. நிழலுக்கு என்று தொட்டியில் வைத்திருக்கும் கன்றுகள் என் இடுப்பு உயரம்கூட இல்லை. பெஞ்சுகளைத் திடலின் மறுகோடியில் போட்டிருக்கிறார்கள், அவற்றில் சாய்மானம் இல்லை, அங்கிருந்து பார்த்தால் ஓவியம் தீட்டிய ஒரு சுவர்தான் தெரியும், அந்தச் சுவருக்குப் பின்னால்தான் கடைசி வளைவு!

அம்மா முக்கால் மணி நேரம் நின்றுகொண்டே இருந்தார். வெளியே வரும் வழியையும் பரிசுக்கடைக்குள் திருப்பிவிட்டதால் நாங்கள் எந்தப் பக்கம் வருவோம் என்று தெரியாமல், இரண்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு. இந்தத் திடலை வரைந்தவர்கள் ஏறுகிறவர்களை மட்டும்தான் கணக்கில் எடுத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. குடும்பமாக வரும் கூட்டத்தில் எப்போதும் ஒருவராவது கீழே நிற்பார், மர ரோலர் கோஸ்டரைக் கீழேயிருந்து பார்ப்பதும் கேட்பதும் பாதி சுகம், அந்தப் பாதியை ஒரு சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள்.

நல்லதும் இருக்கிறது. ஏறும் மேடைக்குப் படிகள் மட்டுமே இருந்த இடத்தில் சாய்தளமும் வந்திருக்கிறது, சக்கர நாற்காலியில் வந்த ஒருவர் யார் தயவும் இல்லாமல் மேலே போனதைப் பார்த்தேன். கழற்றிய பழைய ரயிலில் ஒரு பெட்டியைத் தரையில் வைத்து, குழந்தைகள் ஏறி உட்கார விட்டிருக்கிறார்கள். அதன் பக்கத்தில் பழைய தடத்தின் ஒரு துண்டைக் குறுக்கே அறுத்து நிறுத்தியிருக்கிறார்கள், அடுக்கடுக்காகப் பலகைகள், நசுங்கிய மேலடுக்கு, தேய்ந்து பளபளக்கும் பட்டை எல்லாம் தெரிகிறது. அம்மா அந்தத் துண்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷம் உங்களை இதுவா சுமந்துது" என்று கேட்டார்.

போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். தூக்கிப்போடுவது வேண்டுமென்றால் கடைசி வரிசை, ரயிலின் முன்பகுதி இறங்கும்போதே பின்வரிசையை இழுத்துக்கொண்டு போகும். முதுகு பலவீனமாக இருந்தால் ஒவ்வொரு பெட்டியிலும் சக்கரத்துக்கு நேர் மேலே இல்லாத இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள், வித்தியாசம் நன்றாகத் தெரியும். காலையில் ஒருமுறை ஏறினால் மாலையிலும் ஒருமுறை ஏறுங்கள். நாள் ஏற ஏற தடமும் சக்கரங்களின் தாங்கிகளும் (பேரிங்) சூடாகி ரயில் வேகம் பிடிக்கிறது, நாங்கள் மாலையில் ஏறிய ஓட்டம் காலையில் ஏறியதற்கு அக்கா மாதிரி இருந்தது. அப்புறம், ஏறாதவர் யாராவது கூட வந்தால் குடை எடுத்துப் போங்கள், எந்த வாசலில் சந்திப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டத்துக்கு ஐந்துக்கு ஐந்து. திடலுக்கு இரண்டு. அந்தச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு திறப்பு விட்டு, அதற்கு எதிரே கூரையோடு சாய்மானமுள்ள நாலு பெஞ்சு போட்டால் நானே திரும்பி வந்து இந்த இரண்டை நாலாக மாற்றுகிறேன். கருத்துப் படிவத்திலும் இதையேதான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன், கீழே அம்மாவும் கையெழுத்துப் போட்டார்.