ட்ரைபல் வார்ஸ்: படை நகர்வில் எனக்கு வேண்டிய புது வசதிகள்

ட்ரைபல் வார்ஸில் போர் என்பது கண்ணால் பார்க்கும் விஷயமே இல்லை. வாள் சுழற்றும் வீரனோ, புகை எழும் கோட்டையோ திரையில் வராது. வருவதெல்லாம் ஒரு பட்டியல்: எந்தக் கிராமத்திலிருந்து, எந்தக் கிராமத்துக்கு, எத்தனை மணிக்கு. அந்தப் பட்டியலைப் படிக்கத் தெரிந்தவர்தான் இங்கே நல்ல ஆட்டக்காரர். 2003-இல் ஜெர்மனியில் தொடங்கிய இந்த பிரவுசர் விளையாட்டு இன்றும் ஓடிக்கொண்டிருப்பதற்கும், பல உலகங்களில் (தனித்தனியாக நடக்கும் ஆட்டங்களில்) ஆடி முடித்த பிறகும் நான் அடுத்த உலகம் எப்போது திறக்கும் என்று பார்ப்பதற்கும் காரணம் இதுதான். தூரமும் நேரமும் மட்டுமே ஆயுதம்.

புதியவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். சாதாரண வேக உலகத்தில் வரைபடத்தின் ஒரு கட்டத்தைக் கடக்க ஈட்டி வீரனுக்கு 18 நிமிடம், வாள் வீரனுக்கு 22, லைட் கேவல்ரிக்கு (இலகு குதிரைப்படை) 10, ஹெவி கேவல்ரிக்கு (கனரகக் குதிரைப்படை) 11. மதில் இடிக்கும் ராமும் கட்டடம் தகர்க்கும் கேட்டபுல்ட்டும் 30 நிமிடம் எடுக்கும். கிராமத்தைப் பிடிக்கும் நோபிள் 35 நிமிடம். ஒரு படையில் யார் மிக மெதுவோ, அவருடைய வேகம்தான் மொத்தப் படைக்கும். அதனால் 20 கட்டத் தொலைவில் இருக்கும் கிராமத்துக்கு நோபிள் போய்ச் சேர 11 மணி 40 நிமிடம் ஆகும். வருகிற தாக்குதலின் பயண நேரத்தைக் கணக்குப் போட்டே உள்ளே ராம் இருக்கிறதா, நோபிள் இருக்கிறதா என்று ஊகிக்கலாம். எதிராளியும் சும்மா இருக்க மாட்டார். ஒரே ஒரு ராமைச் சேர்த்துப் பத்துப் பதினைந்து ஃபேக் (போலித் தாக்குதல்) அனுப்பி நம்மைக் குழப்புவார். இந்த ஊகமும் குழப்பமும் இருக்கும்வரைதான் இந்த ஆட்டத்துக்கு உயிர்.

ஆட்டக்காரர்கள் கேட்கும் வசதிகளில் முதலிடம் எப்போதும் ஒன்றுக்குத்தான்: தாக்குதலை நேரம் குறித்து வைத்துவிட்டால், அது தானாகக் கிளம்ப வேண்டும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நான்கு நோபிள்கள் மில்லி விநாடி இடைவெளியில் வரிசையாக வந்து இறங்கும் ட்ரெயினை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு நோபிளும் கிராமத்தின் விசுவாசத்தை 20 முதல் 35 வரை குறைக்கும். 100-லிருந்து பூஜ்யத்துக்கோ அதற்குக் கீழேயோ போனால் கிராமம் கைமாறும். தற்காப்பவர் செய்ய வேண்டியது, முதலில் வரும் பெரிய தாக்குதலுக்குப் பிறகும் நோபிள்களுக்கு முன்பாகவும், அல்லது இரண்டு நோபிள்களுக்கு நடுவிலும், தன் சப்போர்ட்டை, அதாவது காவலுக்கு அனுப்பும் படையை, இறக்குவது. 06:14:22-க்கு 480-ஆவது மில்லி விநாடியில் ஒன்று, 610-இல் இன்னொன்று வருகிறது என்றால் நடுவில் கிடைப்பது 130 மில்லி விநாடி. திரையில் ஓடும் நேரத்தைப் பார்த்துக்கொண்டே, நம் இணையத்தின் தாமதத்தையும் மனதில் கழித்து, சரியான கணத்தில் க்ளிக் செய்து அதற்குள் படையை நுழைப்பது சாதாரண வேலை இல்லை. இதைத்தான் ஸ்னைப் என்கிறோம். இதை மெஷினிடம் கொடுத்துவிட்டால் ஆடுவதற்கு என்ன மிச்சம் இருக்கும்?

ஆனால் சப்போர்ட் வேறு விஷயம். அங்கேதான் மாற்றம் வேண்டும் என்கிறேன். விளையாட்டே இந்த இரண்டையும் ஏற்கெனவே பிரித்துப் பார்க்கிறது. பாலடின் என்னும் சிறப்பு வீரன் உள்ள உலகங்களில், சப்போர்ட் படையோடு பாலடினை அனுப்பினால் மொத்தப் படையும் அவன் வேகத்தில் போகும். வாள் வீரனும் 22 நிமிடத்துக்குப் பதில் 10 நிமிடத்தில் கட்டம் கடப்பான். தாக்குதலுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆகவே தற்காப்புக்கு மட்டும் தனி நகர்வு விதி என்பது இந்த விளையாட்டுக்குப் புதிதல்ல.

எனக்கு மிகவும் வேண்டியது, சப்போர்ட்டை ஒரு கிராமத்திலிருந்து இன்னொரு கிராமத்துக்கு நேரடியாக மாற்றும் வசதி. இப்போது நிலைமை என்ன? என் கிராமம் ஒன்றிலிருந்து 10 கட்டம் தள்ளியிருக்கும் நண்பருக்கு ஹெவி கேவல்ரி அனுப்பியிருக்கிறேன் என்று வையுங்கள். நண்பரின் கிராமத்துக்கு 3 கட்டம் பக்கத்தில் இன்னொருவருக்கு அடி விழப்போகிறது. படை அங்கிருந்து நேராகப் போக முடியாது. முதலில் வீட்டுக்குத் திரும்ப வேண்டும்: 110 நிமிடம். வீட்டிலிருந்து அந்தப் புது இடம் 12 கட்டம் என்றால் இன்னும் 132 நிமிடம். மொத்தம் 4 மணி 2 நிமிடம். நேராகப் போயிருந்தால் 33 நிமிட வேலை. பக்கத்து ஊர் எரிவதைப் பார்த்துவிட்டு, முதலில் சொந்த ஊருக்குப் போய் வருகிறேன் என்று எந்தப் படை கிளம்பும்?

இதற்கு ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. நம் படை ஓரிடத்தில் முடங்கிக் கிடக்கிறது என்று தெரிந்துதான் எதிராளி வேறிடத்தில் அடிக்கிறார். அது அவருடைய திறமை, அதைப் பறிக்கக் கூடாது. சரி, அதனால் கட்டுப்பாட்டோடு கொடுக்கலாம். உத்தரவு கொடுத்த பிறகு படை ஒரு மணி நேரம் அங்கேயே தயாராகிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அப்புறம், வீடு திரும்பாமல் ஒரே ஒரு முறைதான் இடம் மாறலாம். மேலே சொன்ன கணக்கில் 4 மணி நேரம் ஒன்றரை மணி நேரமாகக் குறையும். கடைசி நிமிட மாயாஜாலத்துக்கு இது உதவாது. முன்கூட்டியே யோசித்தவருக்கு மட்டும் உதவும். படைக்குச் சொந்தக்காரர் மட்டுமே இந்த உத்தரவைக் கொடுக்க முடிய வேண்டும் என்பதும் முக்கியம்.

அடுத்தது, சப்போர்ட் அனுப்பும்போதே திரும்பும் நேரத்தைக் குறிக்கும் வசதி. இது நம்மைப் போல் வேறு நேர மண்டலத்தில் இருந்து ஆடுபவர்களுக்கு மிகத் தேவை. பன்னாட்டு சர்வர் பிரிட்டன் நேரத்தில் ஓடுகிறது. இரவு போனஸ் உள்ள உலகங்களில், சர்வரின் இரவு நேரத்தில் தற்காப்பு பலம் இரட்டிப்பாகும். ஆனால் அங்கே நள்ளிரவு என்றால் இந்தியாவிலும் இலங்கையிலும் பொழுது புலரும் நேரம். நாம் தூங்கப் போகும் இரவு பத்தரை மணி அவர்களுக்கு மாலை. எதிராளிகள் வேலை முடித்து வந்து உட்காரும் நேரம். அதாவது நாம் அசந்து தூங்கும் மணிகளில் போனஸ் துணைக்கு இல்லை. அது கிடைக்கும்போது நாம் எழுந்து வேலைக்கு ஓடிக்கொண்டிருப்போம். நண்பரிடம் இருக்கும் படை அதிகாலை மூன்றுக்குத் திரும்பினால்தான் என் ஊர் தப்பும் என்றால், அலாரம் வைத்து எழுந்து ஒரு க்ளிக் செய்துவிட்டுப் படுக்க வேண்டியிருக்கிறது. இதில் எந்தத் திறமையும் இல்லை. கணக்குப் போட்ட மூளை முந்தைய இரவே தன் வேலையை முடித்துவிட்டது; உடம்பு மட்டும்தான் காவல் காக்கிறது.

ஸ்னைப்புக்கு இதைப் பயன்படுத்திவிடுவார்களே என்றால், அதற்கும் வழி உண்டு. குறிக்கும் நேரம் நிமிட அளவில் இருந்தால் போதும். 03:10 என்று குறித்தால் அந்த நிமிடத்துக்குள் ஏதோ ஒரு விநாடியில் சர்வர் படையைக் கிளப்பட்டும். மில்லி விநாடி விளையாட்டு மனிதக் கைக்கே மிச்சமாகும்.

வேகத்தை நாமே தேர்ந்தெடுக்கும் வசதியையும் சிலர் கேட்கிறார்கள். தாக்குதலுக்கு அதைக் கொடுத்தால் பயண நேரத்தை வைத்துப் படையை ஊகிக்கும் கலையே போய்விடும். ஏற்கெனவே மெதுவான ஒரு வீரனைச் சேர்த்து வேகத்தை மாற்றத்தான் செய்கிறோம். அதற்கு அந்த வீரனைப் பயிற்றுவித்து வைத்திருக்க வேண்டும் என்கிற சின்னச் செலவாவது இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும்.

வரைபடத்தில் ஒரு சின்ன உதவி வேண்டும். ட்ரைப் (ஆட்டக்காரர்களின் கூட்டணி) உறுப்பினர்கள் பகிரும் நகர்வுகளை விரும்பினால் கோடுகளாகப் பார்க்க முடிய வேண்டும். தலைவர்கள் இன்று இதையெல்லாம் தனி ஸ்ப்ரெட்ஷீட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

விளையாட்டை நடத்தும் இன்னோகேம்ஸ் நிறுவனம் ஒவ்வொரு புது உலகத்தையும் வெவ்வேறு அமைப்போடு திறக்கிறது. ஒன்றில் பாலடின் இருக்கும், இன்னொன்றில் வாட்ச்டவர், வேறொன்றில் சர்ச். அதே மாதிரி இந்த இரண்டு சப்போர்ட் வசதிகளையும் ஒரே ஓர் உலகத்தில் போட்டுப் பார்க்கலாம். இரண்டில் ஒன்றைத்தான் தர முடியும் என்றால் என் ஓட்டு திரும்பும் நேரத்துக்கு. நேரடி மாற்றம் இல்லாமல் இத்தனை காலம் ஆடிவிட்டோம். ஆனால் மூன்று மணி அலாரத்தால் நல்ல ஆட்டக்காரர்கள் பலர் என் ட்ரைப்பிலிருந்தே விலகிப் போயிருக்கிறார்கள்.