எந்தத் தோல்வி பயமுறுத்துது?

காட்பாடி டீக்கடையில் மாமா கேட்டார்: "வட கொரியா ராக்கெட் புஸ்ஸுனு போனா நமக்கு நல்லதுதானே, இன்னாத்துக்குப் பயம்?"

வட கொரியாவின் இரண்டு தோல்விகளை எடுத்துக்கொள்வோம். 2012 ஏப்ரல் 13, உன்ஹா-3 ராக்கெட். நாட்டை நிறுவிய கிம் இல் சுங்கின் பிறந்த நூற்றாண்டுக்காக வெளிநாட்டு நிருபர்களையே கூப்பிட்டு ஏவுதளத்தைக் காட்டினார்கள். செயற்கைக்கோள் என்று சொன்னாலும் தொழில்நுட்பம் ஏவுகணைக்கும் உதவுவதுதான். சுமார் ஒன்றரை நிமிடத்தில் சிதறியது. அதிசயமாக, அன்றைக்கே அரசு டிவியில் தோல்வியை ஒப்புக்கொண்டார்கள்.

2017 ஏப்ரல் 16, கடற்கரை ஊரான சின்போ. முந்தின நாள் தலைநகர் பியோங்யாங்கில் பிரம்மாண்ட அணிவகுப்பு; மறுநாள் காலை சின்போவில் ஏவிய ஏவுகணை கிளம்பிய உடனே வெடித்ததாக அமெரிக்க ராணுவம்தான் சொன்னது. வட கொரியா வாயே திறக்கவில்லை.

எனக்கு இரண்டாவதுதான் உறுத்துகிறது. முதலாவதில் காசும் மானமும் போயின. ஆனாலும் அதே 2012 டிசம்பரில் அதே ரக ராக்கெட் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்துவிட்டது. சின்போவிலோ, வெளிக்காட்சி பற்றிய அக்கறையே இல்லை. உடைந்தால் உடையட்டும், அடுத்ததை எடு என்கிற பட்டறை வேகம். மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 4-ல் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஹ்வாசாங்-14 ஏவுகணை பறந்தது.

மாமா கிளாஸைக் கீழே வைத்தார். போன தீபாவளிக்கு அவர் மொட்டைமாடியில் பாட்டில் சாய்ந்து, ராக்கெட் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த வேட்டியைப் பொத்தலாக்கியது. "மறு வருஷம் பாட்டில்ல மணல் போட்டு வெப்பேன்டா," என்றார்.