வஹாக்கா கிராமச் சுற்றுலாவில் 9,600 பெசோ போச்சு, போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கோபத்தோடுதான் எழுதுகிறேன், அங்கங்கே பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோவில் வேலைக்கு வந்திருக்கிற நம் ஆட்கள், அமெரிக்காவிலிருந்து லீவுக்கு எட்டிப்பார்க்கிறவர்கள், ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்துச் சுற்றிக்காட்டலாம் என்று நினைக்கிறவர்கள் எல்லாரும் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். 9,600 பெசோ. நம் காசுக்கு 45,000 ரூபாய் பக்கம் வரும். எந்தச் செயலி, எந்த ஏஜென்சி என்று கேட்காதீர்கள், புகார் கொடுக்கப்போகிற நேரத்தில் பெயர் போட வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சுற்றுலா முன்பதிவு செய்கிற ஒரு செயலி, அதில் கடை போட்டிருக்கிற ஒரு உள்ளூர் ஏற்பாட்டாளர், அவ்வளவுதான் சொல்ல முடியும். எப்படித் தப்பிப்பது என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது குவாதலஹாராவில். மாமாவும் அத்தையும், அதாவது இவருடைய அப்பா அம்மா, மதுரையிலிருந்து வந்திருக்கிறார்கள். தெற்கு மெக்சிகோவில் இருக்கிற வஹாக்காவுக்குப் போகணும் என்று ஆசைப்பட்டது மாமாதான். வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், கடற்கரை, ஷாப்பிங் எதுவும் அவருக்கு வேண்டாம். வஹாக்கா நகருக்குக் கிழக்கே மிட்லா என்ற ஊரின் பக்கத்தில் கிலா நாகிட்ஸ் என்று ஒரு சின்னக் குகை இருக்கிறது. 1960-களில் அங்கே அகழாய்வு செய்தபோது கிடைத்த பூசணி விதைகளுக்கு வயது ஏறக்குறைய 10,000 ஆண்டு, மக்காச்சோளக் கதிர்த் துண்டுகளுக்கு 6,000 ஆண்டுக்கு மேல். யாகுல், மிட்லா பகுதிக் குகைகளை யுனெஸ்கோ 2010-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வேலையில் இருந்த காலம் பூரா விவசாயிகளுக்கு மக்காச்சோள விதை கொடுத்த மனுஷனுக்கு அந்தக் குகை வாசலில் ஒரு தடவை நிற்கணும் என்று இருந்தது. இதில் என்ன தப்பு?

வஹாக்கா நகரச் சதுக்கத்தைச் சுற்றி நடந்தால் ஆளுக்கு 400, 500 பெசோவுக்குக் கூவிக்கூவி டூர் விற்கிறார்கள். பெரிய வேன், அடைசலாக ஆட்கள், ஓட்டமாக ஓடி நாலு இடம். அத்தைக்கு முட்டிவலி, சைவம் வேறு, அதனால் அதெல்லாம் வேண்டாம் என்று முடிவு செய்து செயலியில் தேடினோம். "அதிகபட்சம் 6 பேர், கிராமத்து வரலாறு, இயற்கை, வீட்டுச் சாப்பாடு, ஆங்கிலம் பேசும் வழிகாட்டி, எல்லாக் கட்டணமும் அடக்கம்" என்று ஒன்று இருந்தது. ஆளுக்கு 2,400. நாலு பேருக்கு 9,600.

பதிவு செய்ய 2,400 முன்பணம் செயலியிலேயே கட்டினோம். அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் அந்த ஆள் வந்துவிட்டார். நல்ல ஆங்கிலம், பொறுமையான குரல். உங்கள் மாமியார் முட்டை சாப்பிடுவாரா, பால் பரவாயில்லையா என்று ஆரம்பித்தார். அப்புறம் அவராகவே சொன்னார்: இங்கே கறுப்புப் பயறு வேகவைத்து மசிக்கும்போது பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள், த்லாயூதா என்கிற அந்தப் பெரிய மொறுமொறு ரொட்டி மேலேயும் அதே கொழுப்பைத் தடவுவார்கள், மோலே குழம்பில் கோழிச்சாறு ஊற்றுவார்கள், சோறுகூட அந்தச் சாற்றில்தான் பல இடங்களில் வேகும், அதனால் தெயோதித்லான் கிராமத்தில் நமக்குச் சமைக்கிற அம்மாவிடம் சொல்லி எல்லாவற்றையும் எண்ணெயில் தனியாகச் செய்யச் சொல்கிறேன். யோசித்துப் பாருங்கள். இவ்வளவு நாளில் எந்த ஹோட்டல்காரனும் எங்களிடம் இதைச் சொன்னதில்லை. "சைவம்தான், சைவம்தான்" என்று தலையாட்டிவிட்டுக் கோழிச்சாற்றுச் சோற்றை வைப்பவர்களைத்தான் பார்த்திருக்கிறோம். அத்தை அந்தக் குரல்பதிவை இரண்டு தடவை போடச் சொல்லிக் கேட்டார். அந்த இடத்தில்தான் நாங்கள் அந்த ஆளை நம்பினோம்.

மாமா குகையைப் பற்றிக் கேட்கச் சொன்னார். உடனே பதில்: வழக்கமான பட்டியலில் குகை இல்லை, ஆனால் உங்களுக்காகச் சேர்க்கிறேன். அங்கே தன்னிச்சையாகப் போக முடியாது, கிராமத்துச் சமூகத்தின் சொந்த வழிகாட்டிதான் கூட்டிப்போக வேண்டும், அவர்களுக்கு முன்கூட்டியே பணம் கொடுக்கணும், அதனால் மீதி 7,200-ஐ இன்றைக்கே என் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். இதில் பாதி உண்மை. அந்தக் குகைகளுக்கு உள்ளூர் சமூகத்து ஆட்களோடுதான் போகணும், நாங்கள் ஏற்கெனவே படித்திருந்தோம். இந்த ஆள் சொன்ன ஒவ்வொரு பொய்யும் இப்படி ஒரு உண்மையின் மேலேதான் உட்கார்ந்திருந்தது, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். இவர் வங்கிச் செயலியிலிருந்து 7,200 அனுப்பினார். "உங்கள் குடும்பத்தைச் சந்திக்கக் காத்திருக்கிறேன்" என்று கைகூப்பும் படம் வந்தது.

காலையில் வந்தது 14 பேர் வேன். உள்ளே ஏற்கெனவே ஒன்பது பேர். வழிகாட்டி இல்லை, ஓட்டுநர் மட்டும், அவருக்கு ஆங்கிலம் தெரியாது. குரல்பதிவு ஆள் எங்கே என்றால் "ஆபீஸ்" என்றார். நாள் முழுக்க எதைக் கேட்டாலும் அதே பதில்தான், ஆபீஸ், ஆபீஸ்.

முதலில் தூலே மரம். அதைக் குறை சொல்ல மாட்டேன், யார் கூட்டிப்போனாலும் அந்த மரம் மரம்தான். உலகத்திலேயே மிகப் பருத்த அடிமரம், சுற்றளவு 40 மீட்டருக்கு மேல், பல மரம் ஒட்டி வளர்ந்ததோ என்று சந்தேகப்பட்டு மரபணு பார்த்து ஒரே மரம்தான் என்று உறுதி செய்திருக்கிறார்கள். மாமா தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அன்றைக்கு உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான், அதற்கும் நகரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், பஸ்ஸிலேயே போயிருக்கலாம்.

அடுத்து தெயோதித்லான். நெசவு செய்கிற ஒரு குடும்பத்தின் வீட்டுக்கு என்று சொன்னது, நெடுஞ்சாலையிலிருந்து திரும்பியதும் இருக்கிற ஒரு பெரிய ஷோரூமாக மாறிவிட்டது. அங்கே வேலை செய்யும் பெண் பாவம், நன்றாகத்தான் காட்டினாள். சப்பாத்திக்கள்ளியில் வளரும் கோச்சினீல் பூச்சியைக் காயவைத்து உள்ளங்கையில் நசுக்கினால் ரத்தச்சிவப்பு, அதில் எலுமிச்சை பிழிந்தால் ஆரஞ்சு, காரம் சேர்த்தால் ஊதா. ஸ்பானியர் காலத்தில் வெள்ளிக்கு அடுத்தபடியாக ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய சரக்கு இந்தச் சாயம். பத்து நிமிஷம் அது, அப்புறம் முக்கால் மணி நேரம் கம்பளம் விற்பனை. நாங்கள் எதுவும் வாங்கவில்லை என்றதும் ஓட்டுநர் முகம் போன போக்கைப் பார்க்கணும். நமக்குச் சமைக்கிற அம்மா வீடு எங்கே என்று கேட்டேன். ஆபீஸ்.

மிட்லாவில் "50 நிமிஷம், வேனுக்கு வந்துடுங்க" என்று இறக்கிவிட்டார். எல்லாம் அடக்கம் என்றார்களே, நுழைவுச்சீட்டுக்கு நாங்களே கட்டினோம். இந்த மண்ணின் பூர்வகுடிகளான சபோடெக் மக்கள் கட்டிய அரண்மனைச் சுவர்களில் சுண்ணாம்புச் சாந்தே இல்லாமல் சின்னச் சின்னக் கல்லைச் செதுக்கிப் பொருத்தி நம் ஊர் வாசல் கோலம் மாதிரி வளைவும் படியுமாக ஓடுகிறது, அதன் கல்லையே எடுத்து ஸ்பானியர்கள் மேலே தேவாலயம் கட்டியிருக்கிறார்கள், இதையெல்லாம் விளக்க ஆள் கிடையாது, வெயிலில் நின்று போனில் படித்து அத்தைக்கு மொழிபெயர்த்தேன். மாமா மட்டும் "குகை எப்பம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். குகை அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். ஓட்டுநருக்குக் குகை என்று ஒன்று பட்டியலில் இருப்பதே தெரியாது. கிராமத்து ஆட்களுக்கு முன்பணம் கொடுக்கணும் என்று வாங்கினாரே, அது யார் கைக்குப் போனது?

சாப்பாடு நெடுஞ்சாலை ஓரத்து பஃபே. டூர் பஸ்கள் வரிசையாக நிற்கிற இடம். ஆளுக்கு 280, அதுவும் எங்கள் கையிலிருந்து. பயற்றில் கொழுப்பு உண்டா என்று பரிமாறியவரைக் கேட்டேன், உண்டு என்றார், அவராவது உண்மை சொன்னார். அத்தை சோள ரொட்டியும் தர்பூசணியும் சாப்பிட்டார். "எனக்குப் பசியில்லம்மா, விடு" என்றார். அந்தக் குரல்பதிவை நினைத்தால் எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அடுத்து இயெர்வே எல் அகுவா. சுண்ணாம்புச்சத்துள்ள ஊற்றுநீர் மலை விளிம்பில் வழிந்து வழிந்து கல்லாகிப்போய் அருவி உறைந்து நிற்பது போல இருக்கும் இடம், சபோடெக் மக்களின் பழைய பாசனக் கால்வாய்களும் அங்கே உண்டு. மாமாவுக்குக் குகைக்கு அடுத்தபடி அதுதான். "ஊர்க்காரர்கள் வழியை மறித்திருக்கிறார்கள், போக முடியாது" என்று ஓட்டுநர் அறிவித்தார். மறுபடியும் உண்மை மேல் பொய். நிலம், வருமானம் தொடர்பான தகராறில் 2021-ல் ஊர்க்காரர்கள் அந்த இடத்தை மூடியது நிஜம், அதனால் வேனில் யாரும் வாய் திறக்கவில்லை. இரவு தங்குமிடத்தில் ஒரு கொலம்பிய ஜோடி அன்று மதியம் அங்கே எடுத்த படங்களைக் காட்டினார்கள். வழி திறந்தேதான் இருந்திருக்கிறது.

மெஸ்கால் என்கிற கற்றாழைச் சாராயம் பற்றி எழுதவே வேண்டாம். மத்தாத்லான் என்ற ஊரில் அது காய்ச்சுகிற மண்குழி அடுப்பு, குதிரை இழுக்கும் கல்லுருளை, மரத்தொட்டி எல்லாம் காட்டுவதாகச் சொன்னார்கள். எஸ்பாதீன் என்ற கற்றாழை முற்றவே ஆறு முதல் எட்டு வருஷம் ஆகும், அதை வெட்டிச் சுடுவதைப் பார்க்கணும் என்றுதான் குடிக்காத மாமாகூட ஒத்துக்கொண்டார். கிடைத்தது ஒரு சாலையோரக் கடை, காபி ருசியில் தித்திப்பு மெஸ்கால், பில் போடும் மேசை.

இனி நழுவல் படலம். இரவே அந்த ஆளுக்கு எழுதினேன். நீல டிக் விழுந்தது, பதிலில்லை. மறுநாள் மதியம்: "உங்கள் மனநிலை புரிகிறது, சூழ்நிலையைப் பொறுத்துப் பயணத்திட்டம் மாறலாம் என்று விதிமுறையில் இருக்கிறது." குகைக்காக என்று வாங்கிய பணம் என்றேன். "பதிவு செய்தது செயலியில், அவர்களைக் கேளுங்கள்." செயலியில் முதலில் ரோபோ அரட்டை, அது மூன்று கேள்வி கேட்டுவிட்டு "உங்கள் பிரச்சினை தீர்ந்ததா?" என்றது. ஒரு வழியாக ஆள் கிடைத்தார். எங்கள் கணக்கில் 2,400 மட்டும்தான் இருக்கிறது, மீதி 7,200 நீங்கள் வெளியே அனுப்பியது, அதற்கு நாங்கள் பொறுப்பில்லை, அந்த 2,400-க்கும் சேவை "வழங்கப்பட்டுவிட்டது" என்று ஏற்பாட்டாளர் உறுதி செய்திருக்கிறார், ஏற்பாட்டாளரிடமே பேசுங்கள். அவரோ செயலியைக் கேள் என்கிறார். வங்கியில், நீங்களே அனுமதி கொடுத்து அனுப்பிய பணத்தைத் திருப்ப முடியாது என்கிறார்கள். கடைசியில் செயலியிலிருந்து ஒரு மின்னஞ்சல், அடுத்த சுற்றுலாவுக்கு 15 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன்! 9,600 பெசோ போனவளுக்குக் கூப்பன்! நான் எழுதிய மதிப்புரை "விதிகளுக்கு ஒத்துவரவில்லை" என்று போடப்படவே இல்லை. இப்போது வாட்ஸ்அப்பில் அந்த ஆளின் முகப்படம் தெரியவில்லை, செய்தியும் போய்ச் சேரவில்லை, தடுத்துவிட்டார்.

செயலிப் பக்கத்தில் அந்த டூர் இன்னும் விற்பனையில் இருக்கிறது. நல்ல நட்சத்திரங்களோடு.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், கை நடுங்குகிறது, தோன்றியதை மட்டும் சொல்கிறேன். செயலியில் ஆரம்பித்தால் கடைசி பெசோ வரை செயலியிலேயே கட்டுங்கள், வெளியே அனுப்பச் சொன்னால், காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும், அங்கேயே விட்டுவிடுங்கள். வழிகாட்டிகளுக்குச் சுற்றுலா அமைச்சகம் கொடுக்கும் அடையாள அட்டை இருக்கும், வண்டி ஏறும் முன் கேளுங்கள், இல்லையென்றால் ஏறாதீர்கள். குரல்பதிவு, ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள். ப்ரொஃபெகோ என்ற நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பில் வெளிநாட்டவரும் காசில்லாமல் புகார் கொடுக்கலாம், நாங்கள் நாளைக் காலை அதற்குத்தான் உட்காரப்போகிறோம். குகை பார்க்கணும் என்றால் நேரே அந்த ஊருக்குப் போய் சமூகத்து ஆட்களையே பிடியுங்கள். மிட்லாவுக்கு வஹாக்காவின் பேஸ்பால் மைதானத்துப் பக்கத்திலிருந்து பஸ்ஸும் ஷேர் டாக்ஸியும் போகின்றன, மிட்லாவிலிருந்து இயெர்வே எல் அகுவாவுக்குச் சின்ன லாரிகள் ஆள் ஏற்றிக்கொண்டு போகின்றன. நாலு பேருக்கும் சேர்த்து 9,600-இல் ஒரு சின்னப் பங்குதான் ஆகும். புகார் எண் கிடைத்ததும் இங்கேயே சேர்க்கிறேன், வேறு யாராவது இதே குரலிடம் ஏமாந்திருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்தே கொடுக்கலாம்.